இன்னொரு குடிகாரனைத் தேடிய மனிதர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அறிவிப்பில், பெரியவர்களின் வாழ்க்கை வரலாறும் எழுதலாம் என்று போட்டிருந்தார். காந்தியடிகள், காமராஜர், விஸ்வேஸ்வரய்யா என்று ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பில் வில்சன் என்றதும், யாருப்பா அது, கிரிக்கெட் ப்ளேயரா என்று கேட்டார்கள். இல்லை நண்பர்களே. அவர் ஒரு குடிகாரர். குடியை விட்ட குடிகாரர். தான் விட்டதோடு நிற்காமல், லட்சக்கணக்கான பேர் விடுவதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தவர். 1999-ல் டைம் பத்திரிகை இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான 100 பேரைத் தேர்ந்தெடுத்தபோது அதில் இவரும் இருந்தார்.

இவரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனால் நான் கிரவுண்டில் இருக்கமாட்டேன். எங்கேடா போற என்று ரெண்டு வருஷமாகக் கிண்டல் செய்திருக்கிறீர்கள். நானும் ஏதேதோ பொய் சொல்லியிருக்கிறேன். உண்மையை இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் குடிநோயாளிகள் கூட்டம் நடக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். அப்பா உள்ளே இருக்கும்போது நான் வராண்டா விளக்கடியில் உட்கார்ந்து லேப் ரெக்கார்டு எழுதுவேன். மாதத்தில் ஒருநாள் குடும்பத்தாரும் உட்காரலாம். அன்றைக்கு உள்ளே போவேன். பில் வில்சன் கதையை முதலில் கேட்டது அந்த ஹாலில்தான். பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

பூமராங் செய்த பையன்

வில்லியம் கிரிஃபித் வில்சன் 1895 நவம்பர் 26-ஆம் தேதி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஈஸ்ட் டார்செட் என்ற சிற்றூரில் பிறந்தார். பளிங்குக்கல் வெட்டும் குவாரிகள் உள்ள பகுதி. அவருடைய பாட்டி நடத்திய ஓட்டலில், மது பரிமாறும் இடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் பிறந்தார். விதி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டதோ என்னவோ!

பத்து வயது வாக்கில் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா கனடாவுக்குப் போய்விட்டார். அம்மா மருத்துவம் படிக்க பாஸ்டன் நகரத்துக்குப் போனார். பில்லும் தங்கை டோரத்தியும் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள்.

ஒருநாள் தாத்தா, பூமராங் செய்து எறிய ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களைத் தவிர வேறு யாராலும் முடியாது என்று சொன்னார். பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் கட்டையும் கத்தியுமாகவே கிடந்தான். கடைசியில் தன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையையே அறுத்து ஒன்று செய்தான். அது போன வேகத்தில் திரும்பி வந்தது! ஃபிட்டிங் ஷாப்பில் வி-ஃபிட்டிங் ஜாப்புக்கு நாள்பூரா அரம் போட்டு, கடைசியில் இரண்டு துண்டும் பொருந்தும்போது வரும் சந்தோஷம் நமக்குத் தெரியும்தானே. அதே சந்தோஷம். ஆனால் எதிலும் நம்பர் ஒன்னாக இருக்கவேண்டும் என்ற வெறியும் அன்றே பிடித்துக்கொண்டது.

1912-ல் அவர் நேசித்த பெண் ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனாள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் நொறுங்கிப்போனான். படிப்பும் சரிந்தது. இந்த மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டுவிட்டுத் துரத்தியது.

முதல் கிளாஸ்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. பில் பீரங்கிப் படையில் இளம் அதிகாரி. நியூ பெட்ஃபோர்டு என்ற ஊரில் வசதியான குடும்பத்தார் ராணுவ அதிகாரிகளை விருந்துக்கு அழைப்பது வழக்கம். கிராமத்துப் பையன், கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னால் பேச வராது. கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள். குடித்தார். தனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இருந்த சுவர் இடிந்து விழுந்தாற்போல இருந்தது. வயசு 21.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் கவலையை மறக்கக் குடிக்கவில்லை. கூச்சம் போகக் குடித்தார். ஹாஸ்டலில், டூரில், ஃபேர்வெல் பார்ட்டியில் முதல் கிளாஸை எடுக்கும் நம் ஆட்கள் எதற்காக எடுக்கிறார்கள்? யோசித்துப் பாருங்கள்.

1918 ஜனவரி 24-ல் லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். போர் முடிந்து வந்ததும் நியூயார்க்கில் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். ஆனால் குடிபோதையில் டிப்ளமோவைப் போய் வாங்கவே இல்லை. ஒரு அரியரைக் கிளியர் பண்ண நாம் படும் பாடு நமக்குத் தெரியும். இந்த மனிதர் படித்து முடித்ததையே கோட்டைவிட்டார்.

மூளை என்னவோ அபாரமான மூளை. 1925-ல் வேலையை விட்டுவிட்டு, மனைவியை மோட்டார் சைக்கிளின் சைடு காரில் உட்கார வைத்து, ஊர் ஊராகப் போய்த் தொழிற்சாலைகளை நேரில் பார்த்து வந்தார். எந்தக் கம்பெனி உண்மையில் நன்றாக நடக்கிறது, யார் ஷேரை வாங்கலாம் என்று ரிப்போர்ட் எழுதினார். நியூயார்க் பங்குச் சந்தைக்காரர்கள் அதற்குப் பணம் கொடுத்தார்கள். கையில் காசு புரண்டது. கூடவே குடியும் புரண்டது. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தபோது எல்லாம் போயிற்று.

அதற்குப் பிறகு லோயிஸ் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். பில் மனைவியின் பர்ஸில் திருடிக் குடித்தார். இனி தொடமாட்டேன் என்று குடும்பத்து பைபிளில் சத்தியம் எழுதிக் கொடுத்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. ஒவ்வொரு முறையும் மனதாரத்தான் எழுதினார். ஒவ்வொரு முறையும் மீறினார்.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அப்பா என் தங்கையின் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். அன்று ராத்திரியே தள்ளாடிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் மேல் பாசம் இல்லாததால்தான் அப்படிச் செய்கிறார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

ஒழுக்கக்கேடா, நோயா?

1933-34-ல் பில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் பலமுறை சேர்க்கப்பட்டார். அங்கே டாக்டர் சில்க்வொர்த் என்ற நல்ல மனிதர் இருந்தார். இது மனஉறுதி இல்லாத குற்றம் அல்ல, நோய் என்று அவர் விளக்கினார். சிலருக்கு உடம்புக்குள் முதல் கிளாஸ் போனவுடன் நிறுத்த முடியாது. மனசோ அந்த முதல் கிளாஸை நோக்கியே இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்தால் ஆள் காலி. இதைக் கேட்டதும் பில்லுக்கு நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டதல்லவா, இனி பிழைத்துக்கொள்ளலாம்!

ஆனால் வெளியே வந்து மறுபடி குடித்தார். தியரி தெரிந்தால் மட்டும் மிஷின் ஓடாது என்பது நமக்குத் தெரியாதா!

1934 நவம்பரில் ஈபி என்ற பழைய குடித்தோழன் வீட்டுக்கு வந்தான். பில் ஆசையோடு ஒரு கிளாஸை நகர்த்தினார். ஈபி வேண்டாம் என்றுவிட்டான். ஒரு மதக் குழுவில் சேர்ந்து குடியை நிறுத்தியிருப்பதாகச் சொன்னான். பில்லுக்கு மதம், பிரார்த்தனை என்றாலே ஆகாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது டாக்டரோ பாதிரியாரோ அல்ல, தன்னைப் போலவே சாக்கடையில் விழுந்து எழுந்தவன். அதனால் காது கொடுத்தார்.

1934 டிசம்பர் 11. பில் கடைசியாகக் குடித்த நாள். மறுபடி அதே மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே ஒருநாள், அறை முழுவதும் ஒளி நிறைந்தது போலவும், தனக்கு விடுதலை கிடைத்துவிட்டது போலவும் ஓர் அனுபவம் ஏற்பட்டது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து டாக்டரிடம் கேட்டார். அதெல்லாம் இல்லை, எது கிடைத்ததோ அதை விட்டுவிடாதே என்ற மாதிரி அவர் தைரியம் சொன்னார். பிறகு 36 வருஷம், சாகும்வரை, பில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

உடனே ஊரில் உள்ள குடிகாரர்களை எல்லாம் திருத்தக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கே கூட்டி வந்து போதனை செய்தார். ஆறு மாதத்தில் திருந்தியவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. சோர்ந்துபோனவரிடம் லோயிஸ்தான், நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று சுட்டிக் காட்டினார். டாக்டரும், போதிப்பதை நிறுத்திவிட்டு நோயைப் பற்றிச் சொல்லு என்றார்.

ஆக்ரன் ஓட்டலில் ஒரு டெலிபோன்

ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்கு ஆக்ரன் பெயர் தெரிந்திருக்கலாம். ஒஹையோ மாநிலத்தில் குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிறந்த ஊர். 1935 மே மாதம் அங்கே ரப்பர் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டியில் ஒரு தரப்புக்காக பில் போயிருந்தார். தோற்றுப்போனார். மே 11, சனிக்கிழமை. மேஃப்ளவர் ஓட்டலின் கூடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தார். பையில் காசு அதிகம் இல்லை. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் மது அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்தில் அந்த ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியல்.

ஒரு கிளாஸ் மட்டும் என்று மனசு சொன்னது. அப்போதுதான் அவருக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. ஆறு மாதம் குடிகாரர்களோடு பேசிக்கொண்டிருந்தது அவர்களுக்குப் பயன்படவில்லை, தனக்குப் பயன்பட்டிருக்கிறது. இப்போது இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் தான் பிழைக்க முடியும்!

பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாருக்கு போன் செய்தார். அவர் கொடுத்த பெயர்களில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் சொல்லி ஒருவராகக் கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்கு ஒரு குடிகார டாக்டரைத் தெரியும்.

அந்த டாக்டர் பாப் ஸ்மித். அறுவை சிகிச்சை நிபுணர், பில்லைவிட 16 வயசு மூத்தவர். மறுநாள் ஞாயிறு சாயந்திரம் 5 மணிக்கு மனைவியோடு வந்தார். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். பில் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். நீங்கள் எனக்கு உதவி செய்யவேண்டும் என்ற தோரணையில் பேசினார். டாக்டர் எழுந்து போகும்போது மணி 11 தாண்டிவிட்டது.

பிறகு பில் டாக்டர் வீட்டிலேயே தங்கினார். ஆனால் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன டாக்டர் அங்கே மறுபடி குடித்துவிட்டார். திரும்பி வந்தவருக்கு ஓர் ஆபரேஷன் செய்யவேண்டியிருந்தது. கையோ நடுங்கியது. நடுக்கம் அடங்க பில் ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். (இந்தக் காலத்தில் அதற்கு மருந்து இருக்கிறது, யாரும் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம்!) டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது அதுதான். 1935 ஜூன் 10. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்த நாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

என் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். ஒரு காலத்தில் மைக்ரோமீட்டரைப் பிடித்தால் கை கல்லாக நிற்கும். எனக்கு அளவு பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். கடைசியில் டீ கிளாஸைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய நிலைமை. அதனால்தான் அந்த டாக்டரின் கைகளை என்னால் மறக்க முடியவில்லை.

பேர் சொல்லாத சங்கம்

இரண்டு பேர் சேர்ந்து மருத்துவமனையில் கட்டிப்போடப்பட்டிருந்த ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார்கள். மூன்று பேர் ஆனார்கள். 1937-ல் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 40 பேர். 1939 ஏப்ரலில் அவர்கள் அனுபவமெல்லாம் புத்தகமாக வந்தது. பன்னிரண்டு படிகளை பில் எழுதியது இந்தப் புத்தகத்தில்தான். நம்மால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கி, செய்த தவறுகளைக் கணக்கெடுத்து, நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு செய்து, கடைசியில் இன்னொரு குடிநோயாளியிடம் சேதியைக் கொண்டுபோவதில் முடிகிறது. கடவுள் என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் விபூதிக்காரரும், சிலுவை போட்டவரும், தொப்பி போட்டவரும், எந்தச் சாமியும் கும்பிடாதவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

பணம்? கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரிடம் போனார்கள். பணம் இதைக் கெடுத்துவிடும் என்று அவர் கருதினார். 5,000 டாலர் மட்டும் கொடுத்தார். டவுன்ஸ் மருத்துவமனை பில்லுக்குச் சம்பளத்தோடு வேலை தர முன்வந்தது. குழுவில் உள்ளவர்கள் கூடாது என்றார்கள். வீட்டில் அடுப்பெரியக் கஷ்டம், இருந்தும் பில் கட்டுப்பட்டார். 1939-ல் பேங்க் வீட்டையே எடுத்துக்கொண்டது. கணவனும் மனைவியும் இரண்டு வருஷம் அடுத்தவர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. 2,000 பேராக இருந்தவர்கள் அந்த வருஷ முடிவில் 8,000 ஆனார்கள். கூட்டம் பெருகினால் சண்டையும் வரும், பதவி ஆசையும் வரும். சங்கத் தேர்தல் பார்த்த நமக்குத் தெரியாததா! அதனால் பில் பன்னிரண்டு மரபுகளை எழுதினார். வெளியாரிடம் நன்கொடை வாங்கக்கூடாது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை. பத்திரிகையில் முழுப்பெயர் போடக்கூடாது. 1950-ல் க்ளீவ்லாந்து மாநாட்டில் இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அதே வருஷம் நவம்பரில் டாக்டர் பாப் காலமானார். 1951-ல் லோயிஸ், குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பைத் தோழி ஒருவரோடு சேர்ந்து தொடங்கினார். 1954-ல் யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க வந்தது. பில் வேண்டாம் என்று எழுதிவிட்டார். அன்று போதையில் டிப்ளமோவை விட்டவர், இன்று தெளிவோடு பட்டத்தை விட்டார்!

அவரும் மனிதர்தான்

அவரை மகான் என்று எழுதினால் அது பொய். குடியை விட்ட பிறகும் பல வருஷம் மனச்சோர்வில் கிடந்தார். சிகரெட்டை நெடுங்காலம் விட முடியவில்லை. அதனால் நுரையீரல் கெட்டு, 1971 ஜனவரி 24-ஆம் தேதி மயாமியில் இறந்தார். அன்று அவருடைய 53-வது திருமண நாள். ஈஸ்ட் டார்செட்டில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் பெயரும் தேதியும் ராணுவச் சேவையும் உண்டு. ஏ.ஏ. பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இந்தியாவில் இந்த இயக்கம் 1957-ல் பம்பாயில் வேர் பிடித்தது. இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது.

வெறும் நம்பிக்கைதானே, விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு: 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அடியோடு குடிக்காமல் இருப்பதற்கு, இந்தக் கூட்டங்களோடு ஆட்களை முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குச் சமமாக அல்லது மேலாகவே பலன் தருகிறது என்று முடிவு வந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் வெள்ளிக்கிழமை

அப்பாவை ஒருமுறை வலிப்பு வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டு சிஸ்டர் ஓ.பி. சீட்டின் பின்னால் ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை அஞ்சறைப் பெட்டியில் வைத்தார். ஆறு மாதம் கடுகோடும் சீரகத்தோடும் அந்தச் சீட்டு கிடந்தது. வெட்கம்! ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். ஊருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!

ஒருநாள் நானே போன் செய்தேன். எடுத்தவர் ஜாதி, ஊர், வருமானம் எதுவும் கேட்கவில்லை. அப்பா தெளிவாக இருக்கும் நேரம் எது என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர், ஒருவர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர்கள் அப்பாவைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. ஆட்டோக்காரர், அண்ணே என்று ஆரம்பித்து, தன் மகளின் பள்ளிக்கூடத்து ஃபீஸை எடுத்துக் குடித்த கதையைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தோள் குலுங்கியது. அவர்கள் செருப்பு மாட்டும்போதுதான், எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, நடந்ததைப் பேசுவார்கள். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். கடைசியில் ஒரு பை சுற்றி வரும். இஷ்டப்பட்டால் போடலாம். அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது. அதனால் நானும் இதற்கு மேல் எழுதவில்லை.

47-வது நாள் ஊர்த் திருவிழாவில் அப்பா மறுபடி குடித்துவிட்டார். எல்லாம் போச்சு என்று அம்மா அழுதார். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அந்த ஆட்டோ வாசலில் வந்து நின்றது. உள்ளே போனதும் ஒருவரும் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். டீ கொடுத்தார்கள். அப்பா மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார். இந்தக் கட்டுரையை எழுதும்போது நூற்றி முப்பதைத் தாண்டியிருக்கிறது. நாளைக்கு என்ன ஆகும்? தெரியாது. இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். அங்கே சொல்லிக் கொடுப்பதும் அதுதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்காரரோடு அப்பாவும் கிளம்பினார். எங்கே என்று அம்மா கேட்டார். ஒருத்தர் வீட்டு வரைக்கும் போய்ட்டு வர்றோம் என்றார். எனக்கு ஆக்ரன் ஓட்டல் ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒன்று. நம் பேட்சில் ஒருவன் இருக்கிறான். எந்த டிபார்ட்மெண்ட் என்று சொல்லமாட்டேன். இப்போதெல்லாம் காலையில் ப்ராக்டிக்கலுக்கு முன்னாலேயே அவன் வாயில் வாடை வருகிறது. வெர்னியர் பிடிக்கும் அவன் கை எப்படி இருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். அவன் இந்த மலரைக் கட்டாயம் புரட்டுவான். நண்பா, உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. தினமும் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் முதலில் டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வருகிறேன். பிறகு ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை, ஆறரை மணிக்கு, சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பேன். ஒன்றும் பேசவேண்டாம். வந்து ஏறிக்கொள்.

கட்டுரைக்குக் கீழே பெயர் போடட்டுமா என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். அந்த ஹாலில் உள்ளவர்களை நினைத்து, டிபார்ட்மெண்ட் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் ஆண்டு,
இயந்திரவியல் துறை.